பொணம் சார் தூங்கிய தூக்கம்

கொலைப் பிரிவில் அவருடைய பதவி சப்-இன்ஸ்பெக்டர். பெயர் பொணம். வயதில் சின்னவர்களுக்கு மரியாதை தெரியும், ஆகவே அவர்கள் 'பொணம் சார்' என்பார்கள். "பொணம் சார், டீ ஆறுது," "பொணம் சார், கொஞ்சம் நகருங்க, காத்தை மறைக்கிறீங்க," என்று பட்டப்பகலில் ஓர் ஆபீஸில் பேசிக்கொள்வதைக் கேட்டால், புகார் கொடுக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். புகாரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர் மட்டும் கூப்பிட்ட குரலுக்கு "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போவார்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஒரு கொலை எப்படி நடந்திருக்கும் என்று புரியாதபோது, நடந்த இடத்திலேயே அதை மறுபடி நடத்திப் பார்ப்பது அந்தப் பிரிவின் வழக்கம். ஒருவர் கொலைகாரன், ஒருவர் செத்தவர், ஒருவர் வெளியே நின்று சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர். கொலைகாரனாக வர நான் நீ என்று போட்டி. செத்துக் கிடக்கத்தான் ஆள் கிடைக்காது. அவர் இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் யாரோ, "சார், நீங்க கொஞ்சம் படுங்களேன்," என்றார்கள். பாவம், படுத்தார். அதோடு சரி, அதற்கப்புறம் அவரை எழுந்திருக்க விடவே இல்லை. நடுத்தர வயது, நடுத்தர உயரம், அளவான தொப்பை. கொலையாகிறவர்களில் பாதிப் பேர் அந்த அளவில்தான் இருந்து தொலைக்கிறார்கள், அதற்கு அவர் என்ன செய்வார்?

செய்வதைத் திருந்தச் செய்கிற மனுஷர். மாடிப்படியில் தலைகீழாகச் செத்திருக்கிறார், குளியல் தொட்டியில் செத்திருக்கிறார், கார் டிக்கிக்குள் மடங்கிச் செத்திருக்கிறார். கொசு கடித்தால் அசைய மாட்டார். ஒருமுறை அவர் முகத்தின் மேல் பூனை நடந்து போயிற்று, அப்போதும் அசையவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி கதவைத் திறந்துகொண்டே, "இன்னிக்கு எங்க செத்தீங்க?" என்பாள். "ஒரு கேரேஜ்ல," என்பார். "அப்ப கிரீஸ் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையைக் கழட்டித் தனியாப் போடுங்க. உங்களோட துணியைத் துவைக்கிறதுக்கு நிஜப் பொணத்தையே கட்டியிருக்கலாம், அதுக்கு ஒரே சட்டையோட போச்சு," என்று உள்ளே போவாள். அந்த வீட்டில் சாவைப் பற்றிப் பேச்சு அந்த அளவில்தான் இருந்தது.

அவருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை உண்டு. ஒரே ஒரு தடவை, விசாரணை அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யாரையாவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். பெரிய கேள்வியாகக்கூட வேண்டாம். இத்தனை வருடம் கொலைப் பிரிவில் இருந்துவிட்டு, வாயைத் திறக்காமல் கிடந்ததற்காகவே பாராட்டு வாங்கியவர் என்ற பேரோடு ரிட்டையர் ஆவதை நினைத்தால் அவருக்கே கேவலமாக இருந்தது.

அந்த வருடம் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரி தலைமையேற்று வந்தார். எல்லோருக்கும் அவர் 'மேடம்'. வந்ததும் அவர் கையில் எடுத்தது, பழைய தலைவர் பாதியில் விட்டுவிட்டு மாற்றலாகிப் போன ஃபிரேம் கடை வழக்கு.

வழக்கு இதுதான். படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை ஒன்றின் சொந்தக்காரர், தன் வேலை மேஜைக்குப் பின்னால் பின்மண்டையில் அடிபட்டு விழுந்து கிடந்தார். முதலில் பார்த்தது பக்கத்துக் கடைக்காரர். ஆம்புலன்ஸ்காரர்கள் உயிர் இருக்கிறதோ என்ற ஆசையில் அவரைத் தூக்கி, திருப்பி, நெஞ்சை அழுத்தி, கடைசியில் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸ் போய்ச் சேர்ந்தது. ஆகவே அவர் விழுந்த நிலையில் எடுத்த ஃபோட்டோ என்று ஒன்று இல்லவே இல்லை. மறுநாள் பக்கத்துக் கடைக்காரர் சொல்லச் சொல்ல, அதே மாதிரிச் சட்டை போட்டு, அடிபட்ட இடத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, பொணம் சாரை அங்கே படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான் என்றால் கதையே இல்லை. அன்றைக்கு அவர் முதல் நாள் இரவெல்லாம் வேறொரு வீட்டுக்குக் காவல் இருந்துவிட்டு நேராக வந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தரை குளுகுளுவென்று இருந்தது. தாடி என்று பேர் வாங்கிய இன்னொரு சப்-இன்ஸ்பெக்டர், வாசலுக்கும் மேஜைக்கும் எத்தனை அடி என்று டேப்பைப் பிடித்து அளந்தார். அளந்ததை மறந்தார். மறுபடி அளந்தார். பிறகு எல்லோரும் அளவைப் பற்றிச் சண்டைபோட வெளியே போனார்கள். கண் திறந்து பார்த்தபோது பொணம் சாருக்கு ஒரு கை மரத்துப் போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அதுவரை அசையாமல் கிடந்ததற்குத் தாடி முதுகில் தட்டிப் பாராட்டுகூடச் சொன்னார். எந்தப் பிணமும் குறட்டைவிடாது என்ற நம்பிக்கையில் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. போட்டோகிராபர் மட்டும், போகிற போக்கில், பின்வாசல் பக்கமிருந்து கடைசியாக ஒரு கிளிக் அடித்திருந்தார்.

அந்தப் படம்தான், ஆம்புலன்ஸ் வருமுன் யாரோ எடுத்தது என்று எல்லோரும் நம்பும்படி வழக்குக் கவரில் சேர்ந்து, வில்லங்கமாக வந்து நின்றது.

"நாளைக்கு அந்தக் கடைக்காரரோட மனைவியை விசாரிக்கும்போது நீங்களும் கூட உட்காருங்க," என்று மேடம் ஒருநாள் காலையில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்களை எல்லாரும் படுக்கவே வச்சிருக்காங்க. எனக்கு அது பிடிக்கல. இன்னிக்கு நிபுணர் வந்து விளக்கம் சொல்றார், அதையும் வந்து கேளுங்க."

பொணம் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடிக்கூடத்தில், இதுவரை உட்கார்ந்திராத முன்வரிசை நாற்காலியில், முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நிபுணர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். குற்றவாளியின் மனசைப் படிப்பவர். படித்துப் படித்துக் கண்ணாடி தடித்துப் போயிருந்தது. விளக்கை அணைக்கச் சொல்லி, திரையில் ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டார். தலையும் தோளும் மட்டும். முகம் மேஜை நிழலுக்குள், காதும் கழுத்தும் சிவப்பு. கன்னத்துக்கு அடியில் ஒரு கை, தலையணை மாதிரி பதவிசாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதைப் பாருங்க," என்று நிபுணர் சிவப்புப் புள்ளியால் அந்தக் கையைச் சுற்றி வட்டம் போட்டார். "மண்டையில அடிபட்டு விழுற ஆளோட கை இப்படிப் போகாது. யாரோ எடுத்து வச்சிருக்காங்க. குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. அடிச்ச கையே அணைச்சிருக்கு! கொன்னது இவரை வெறுத்த ஆள் இல்ல. இவரை நேசிச்ச ஆள்."

கூடத்தில் 'உச்சு' என்று சத்தம் கேட்டது. தாடிக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் எப்போதும் அப்படித்தான்.

"அதனாலதான் மனைவி," என்றார் நிபுணர். "அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை நடந்திருக்கு, அக்கம்பக்கத்துல கேட்டிருக்காங்க. பின்கதவுச் சாவி அவங்ககிட்ட இருக்கு. முக்கியமா, இந்தப் படத்தைக் காட்டினா, 'இது என் வீட்டுக்காரர் இல்ல'ன்னு சாதிக்கிறாங்க. அவங்க பண்ணினதை அவங்க மனசே ஏத்துக்கல. இதைவிடப் பெரிய ஒப்புதல் எது?"

முன்வரிசையில் பொணம் சார் முதலில் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். அடடா, என்ன நிம்மதியான தூக்கம், பாவம், என்றுகூட நினைத்தார். அப்புறம்தான் 'தூக்கம்' என்று தான் நினைத்தது உறைத்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. போன கையைச் சட்டென்று இறக்கி முழங்காலுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வேலை நேரத்தில், அதுவும் கொலை நடந்த இடத்தில், செத்தவருக்குப் பதிலாகப் படுத்துக்கொண்டு தூங்கினேன் என்று இத்தனை பேர் முன்னால் எழுந்து சொல்வதா? மெமோ நிச்சயம். சஸ்பென்ஷனும் வரலாம். போகட்டும், அதைக்கூடத் தாங்கலாம். ஆயுசில் முதல் முறையாக உட்காரக் கொடுத்த நாற்காலி போய்விடுமே! இப்படி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கீழே லாக்கப்பில் ஒரு பெண் அவருடைய கையால் கொலைகாரியாகியிருக்கிறாள். இரண்டு நாளில் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகிறது. போனால் ஆயுள் தண்டனைதான். அந்தக் கணக்கில் நாற்காலியை ஏன் சேர்த்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டில் மனைவி நாளைய விசாரணைக்காக அவருடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினாள். "ஏங்க, கேள்வி கேட்கும்போது கரகரன்னு பேசாதீங்க. தொண்டையைச் சரி பண்ணிட்டுக் கேளுங்க," என்று பாடம் வேறு. அவளுக்குத்தான் எத்தனை சந்தோஷம். அவர் உம் கொட்டினார். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் விசாரணை அறையில் மேடம், நிபுணர், பொணம் சார் ஒரு பக்கம். ஃபிரேம் கடைக்காரரின் மனைவி எதிர்ப்பக்கம். அந்த அம்மாவின் நகங்களுக்குள் இன்னும் மரத்துக்குப் பூசும் வார்னிஷ் கறை இருந்தது. கடையில் அவரும் வேலை செய்தவர். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, புது ஆளான பொணம் சாரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

மேடம் படத்தை மேஜைமேல் நகர்த்தினார். "நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. யார் இது?"

"எத்தனை தடவைங்க கேட்பீங்க? இது அவர் இல்ல."

"அவரோட சட்டைதானே?"

"சட்டை அவரது மாதிரி இருக்கு. ஆளு அவர் இல்ல." அந்த அம்மா படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "யாரோ ஒருத்தர் அசந்து தூங்கிட்டிருக்கார். செத்தவங்க இப்படியா இருப்பாங்க? நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்குற ஆளுங்க இது."

நிபுணர் மேடத்தின் பக்கம் சாய்ந்து, "பாத்தீங்களா? தூங்குறாராம்," என்று கிசுகிசுத்தார். "சாவை மனசு தூக்கமா மாத்திக்குது. பிரமாதம்."

பொணம் சாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மேடம், பரவாயில்லையே, கேள்வி கேட்கப் போகிறாரே என்று அவரை ஆதரவாகப் பார்த்தார்.

"அது நான்தாம்மா," என்றார் பொணம் சார்.

அந்த அறையில் எத்தனையோ பேர் 'நான்தான்' என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து யாரும் ஒப்புக்கொண்டதில்லை. மேடத்தின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது, எடுக்க யாரும் குனியவில்லை.

அப்புறம் மேடத்தின் அறையில் நடந்ததை விசாரணை என்பதா, வாங்கிக்கட்டிக்கொண்டது என்பதா? எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். காவல், மதியச் சாப்பாடு, குளிர்ந்த தரை, மரத்துப்போன கை. மேடம் கேட்டு முடித்து ஃபைலை மூடினார். பிறகு, "தூங்கினதுக்கு மெமோ வரும்," என்றார். "வரட்டும் மேடம்." "நேத்தே ஏன் சொல்லல?" அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் நிபுணர் விடுகிற ஆள் இல்லை. அந்தக் கையை வைத்து அவர் ஒரு கட்டுரையே எழுதி முடித்திருந்தார், அடுத்த மாதம் பெரிய மாநாட்டில் வாசிக்க வேண்டும். "இவர் சொல்றதுக்கு என்ன ஆதாரம்? முகம் தெரியல. இரக்கப்பட்டு அந்தம்மாவைக் காப்பாத்த ஏதோ சொல்றார். இதுக்கும் மனோதத்துவத்துல ஒரு பேர் இருக்கு," என்றார்.

போட்டோகிராபரைப் பயிற்சி முகாமில் தேடிப் பிடித்து ஃபோனில் கேட்டார்கள். "ஆஸ்பத்திரியில எடுத்ததும் கடையில எடுத்ததும் ஒரே கவர்லதான் மேடம் போட்டு வச்சேன். பார்த்தாலே தெரியுமே, பொணம் எது, பொணம் சார் எதுன்னு," என்றார். கேமராவில் தேதி? அந்தக் கேமராவில் தேதி வாங்கின நாளிலிருந்து ஒரே தேதிதானாம். மேடம் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி, இப்ப தூங்கிக் காட்டச் சொல்லுங்க," என்றார் நிபுணர்.

மாடிக்கூடத்து மேஜைகளை ஒதுக்கினார்கள். பொணம் சார் தரையில் படுத்தார். மேடம் ஒரு பக்கம், நிபுணர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம், தாடி கையில் டேப்போடு இன்னொரு பக்கம். எல்லோரும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்? கொலை நடந்த தரையில் அசந்து தூங்கியவருக்கு இங்கே இமை ஒட்டவில்லை. முதுகு அரித்தது. இருமல் வந்தது. பூனை நடந்தபோது அசையாத மனுஷர் நெளிந்துகொண்டே கிடந்தார். கடைசியில் பொறுமையிழந்து, கையை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் தானே வைத்துக்கொண்டார். "இது நடிப்பு!" என்று நிபுணர் துள்ளினார். தூங்குகிறவனை எழுப்பிவிடலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். நடிக்கப் போன இடத்தில் நிஜமாகத் தூங்கியவனை எப்படி நிரூபிப்பது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

"நீங்க எப்படித் தூங்குவீங்கன்னு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று மேடம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே பதில் தெரிந்துவிட்டது. "உங்க வீட்டம்மாவை வரச் சொல்லுங்க. அவங்ககிட்ட விஷயம் எதையும் சொல்லக்கூடாது. சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது."

அங்கேதான் ஒரு முட்டாள்தனம் நடந்தது. ஃபோன் செய்யப் போன கான்ஸ்டபிள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். விஷயத்தைச் சொல்லாமல், அதே நேரம் மரியாதை குறையாமல், "அம்மா, கொலைப் பிரிவுலேர்ந்து பேசறோம். சார் சம்பந்தமா ஒரு ஃபோட்டோ அடையாளம் காட்டணும். கொஞ்சம் உடனே வர்றீங்களா?" என்றார்.

போலீஸ்காரன் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

மனைவி வந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறுகாலில் அவருடைய செருப்பு. படியேறி வந்த வேகத்தில் வாசலில் நின்ற இரண்டு பேரை இடித்துத் தள்ளியிருந்தாள். யார் பேச்சுக்கும் நிற்காமல் நேராகக் கூடத்துக்குள் வந்து, மேஜைமேல் கிடந்த படத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். பொணம் சார் ஜன்னல் ஓரத்தில், கதவு மறைவில், டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை அவள் பார்க்கவில்லை.

"இவர்தான்," என்றாள். குரலே வரவில்லை. "ஐயோ, இவர்தான். எங்க? எப்போ? சாப்பிட்டாரா?"

பொணம் சார் பதறிப்போய் டீக்கோப்பையோடு எழுந்து, "இந்தா, நான் இங்க இருக்கேன்!" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். "டீயா குடிக்கிறீங்க?" என்றாள். அப்புறம் நடந்த அர்ச்சனையை இங்கே எழுதப் பக்கம் போதாது. பாவி மனுஷா என்று தொடங்கி, என் உசுரை எடுக்கத்தான் பொறந்தீங்களா என்று போய், இனிமே எவன் கூப்பிட்டாலும் நீங்க சாகக்கூடாது, சொல்லிட்டேன் என்று முடிந்தது. திட்டிக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்த கையை அவள் விடவேயில்லை. அவருக்கும் விடச்சொல்ல மனசு வரவில்லை.

நிபுணர் சுதாரித்துக்கொண்டார். "பயத்துல வந்தவங்க எந்தப் படத்தைக் காட்டினாலும் இவர்தான்னுதான் சொல்வாங்க," என்றார்.

"என்ன சொன்னீங்க?" என்று அவள் அவர் பக்கம் திரும்பினாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டாயிற்று, குரலும் வந்துவிட்டது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேங்க இந்தக் கோலத்தை. எனக்குத் தெரியாதா? இந்தப் படத்துல பாதியைத்தானே காட்டுறீங்க? கால் பக்கம் இருக்கா? இருந்தா எடுத்துப் பாருங்க. இடது கால் மேல வலது காலைப் போட்டிருப்பார். போட்ட கால்ல பெருவிரலைப் பக்கத்து விரல் மேல ஏத்தி வச்சிருப்பார். தூக்கம் கலைஞ்சா எறக்கிடுவார். நீங்க எழுப்பிக் கேட்டாக்கூட அவருக்கே தெரியாது."

பொணம் சார் திகைத்துப்போய்த் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அது அவருக்கே செய்தியாக இருந்தது.

மேடம் கவரிலிருந்து முழுப் படத்தை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அதை நிபுணரிடம் நீட்டினார். செருப்பில்லாத இடது கால், அதன்மேல் வலது கால், பக்கத்து விரலின் மேல் சவாரி செய்துகொண்டிருக்கும் பெருவிரல். நிபுணர் வெகுநேரம் பார்த்தார். மாநாட்டுக் கட்டுரை அந்தப் பெருவிரலில் தடுக்கி விழுந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பெரிய மனுஷர், "இது தூக்கம்தான்," என்று ஒத்துக்கொண்டார்.

கடைக் கண்ணாடிப் பலகை ஒன்றில் முதல் நாளே ஒரு கைரேகை எடுத்திருந்தார்கள். 'நேசித்த ஆள்' வந்த பிறகு அதை யாரும் சீந்தவில்லை. மேடம் அன்றைக்கே அதைத் திரும்ப எடுத்தார். அது அவர்களை ஒரு வாடிக்கைக்காரனிடம் கொண்டுபோய் விட்டது. தன் படத்தின் கண்ணாடி கீறிப்போனதற்காகச் சண்டைபோட்டு, ஆத்திரத்தில் கையில் கிடைத்த கட்டையை ஓங்கியவன். அவன் பிடிபட்டது பின்னால். அன்று மாலைக்குள் செய்ய வேண்டியிருந்தது வேறு காரியம்.

லாக்கப்பிலிருந்து அந்த அம்மாவைக் கூட்டிவந்தார்கள். மேடம் நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். படத்தில் இருப்பது யார், அது எப்படிக் கலந்தது, இதோ நிற்கிற பெண் எப்படி அடையாளம் சொன்னாள் என்று எல்லாவற்றையும் சொல்லி, "தப்பு எங்க பேர்லதாம்மா. நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. பொணம் சாரின் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். ஜோடி சேராத செருப்பு, இன்னும் புருஷன் சட்டையை விடாத கை.

"நீங்க பார்த்ததும் சொன்னீங்களா, இது உங்க வீட்டுக்காரர்னு?"

"ஆமாங்க."

"உடனே நம்பிட்டாங்களா?"

அவள் மேடத்தைப் பார்த்தாள்.

"நானும் அதைத்தானே சொன்னேன்," என்றார் அந்த அம்மா. "இது என் வீட்டுக்காரர் இல்லன்னு. முதல் நாளே சொன்னேன். தினம் சொன்னேன்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தார். மேடம் 'மன்னிச்சுக்கங்க' என்று ஆரம்பித்துவிட்டு, மேஜைமேல் கிடந்த படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். தாடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொணம் சாருக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. தான் தூங்கியதால் வந்தது ஒரு பங்குதான், மீதி விழித்துக்கொண்டிருந்தவர்கள் செய்தது என்று புரிந்தபோது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மனைவியின் கையை மெல்ல விலக்கிவிட்டு, எதிரே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா தூங்குவார்?" என்று கேட்டார்.

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் எத்தனையோ கேள்வி கேட்டிருந்தார்கள். சாவி எங்கே, சண்டை எதற்கு, அப்போது எங்கே இருந்தாய். இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

"மல்லாந்துதான் படுப்பார்," என்றார். "வாயைப் பொளந்துட்டு. குறட்டைன்னா குறட்டை, அப்படி ஒரு குறட்டை. ஃபிரேமுக்கு மரம் அறுக்குற சத்தம் பகல்லயும் கேட்கணும், ராத்திரியும் கேட்கணுமான்னு நான் வைவேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பொணம் சாரின் மனைவியும் லேசாகச் சிரித்தாள். "காலால ஒரு தட்டுத் தட்டுவேன். கண்ணைத் திறக்காமலே 'சரி சரி'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவார். கொஞ்ச நேரத்துல மறுபடி மல்லாந்துக்குவார். அன்னிக்குக் காலையில சண்டை போட்டோமே, அதுகூட அதுக்குத்தான். ராத்திரி முழுக்கத் தூங்க விடலன்னு. நீ இல்லாம இருந்தா நிம்மதியாத் தூங்குவேன்னு சொல்லிட்டேங்க. அதைச் சொல்லிட்டுத்தான்..."

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே உடைந்தது. பொணம் சாரின் மனைவி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கொலைகாரி இல்லை, இல்லை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார் அந்த அம்மா. புருஷன் செத்ததற்கு அழ அவருக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.